இப்போதைக்கு ஒண்ணும் இல்ல

பதுளை பஸாரில் நளீராவின் வாப்பாவுக்குப் புடவைக்கடை இருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பெண்களோடு அவர்கள் பேச்சிலும், கிராமத்துச் சிங்களப் பெண்களோடு சிங்களத்திலும் பேசியே அவள் வளர்ந்தாள். எப்படிச் சொன்னால் யாருக்குப் புரியும் என்பது அவளுக்குக் கைவந்திருந்தது. கடை கைமாறிய பிறகு, நாற்பத்தாறாவது வயதில், மார்பகப் புற்றுநோய் பற்றி ஆராய வந்த பல்கலைக்கழகக் குழுவொன்று அவளை மொழிபெயர்ப்புக்குச் சேர்த்துக்கொண்டதும் அதனால்தான்.

குழுவின் தலைவி ஒரு சிங்கள டொக்டர். தமிழ் தெரியாது, ஆனால் பொறுமை இருந்தது. முதல் நாளே நளீராவை உட்காரவைத்து விளக்கினார். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற செய்தி மரபணுவிலிருந்து நகலாகிப் போகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற மிகச் சிறிய துணுக்குகள் அந்தச் செய்தியின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் செய்தி வாசிக்கப்படாது, அல்லது சிதைந்துபோகும், புரதம் உண்டாகாது. அது நோயல்ல, எல்லார் உடம்பிலும் நடப்பதுதான். புற்றுநோயில் அந்த அளவு குலைந்துவிடுகிறது. வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணுவை அடக்குகிற துணுக்குகள் சில மிதமிஞ்சிப் பெருகுகின்றன; வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவை அடக்க வேண்டியவை குறைந்துபோகின்றன. இரத்தத்திலும், பிறகு அறுத்தெடுக்கும் கட்டியிலும் அவற்றை அளந்து பார்க்கப் போகிறார்கள்.

நளீரா இரண்டு நாள் இதையே யோசித்து, தோட்டத்துப் பெண்களுக்கென்று ஓர் உதாரணம் தயாரித்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ராசம்மா கிளினிக்குக்குத் தனியாக வந்திருந்தாள். மகள் மதுஷா பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை செய்தாள். அன்று லீவு கிடைக்கவில்லை. ராசம்மாவின் இடது மார்பிலிருந்தது புற்றுநோய்தான் என்று உறுதியாகி, மூன்று வாரத்தில் ஒப்பரேஷன் என்று ஆஸ்பத்திரியில் நாளும் குறித்திருந்தார்கள்.

"காலையில பெரட்டுல வேல பிரிச்சுக் குடுப்பாங்கல்ல அக்கா?" என்றாள் நளீரா. "ஒருத்தன காவலுக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதி அனுப்புறாங்க. நடுவுல ஒருத்தன் அந்தத் துண்டப் புடுங்கிட்டா காவலுக்கு ஆள் வருமா? ஒங்க ஒடம்புலயும் அப்பிடித்தான் நடக்குது."

ராசம்மாவுக்குப் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. டொக்டர் அடுத்ததைச் சொன்னார்: இந்தப் பரிசோதனைக்கும் உங்கள் வைத்தியத்துக்கும் சம்பந்தமில்லை, இதனால் உங்களுக்குப் பலன் கிடையாது, முடிவையும் தனித்தனியாகச் சொல்லமாட்டோம், இது பின்னால் வரப்போகிறவர்களுக்காக. இரத்தம் கொடுக்கக் கை நீட்டியிருப்பவளிடம் அதை அப்படியே சொல்ல நளீராவுக்கு மனம் வரவில்லை. வெளியே பெண்கள் வரிசையில் காத்திருந்தார்கள் வேறு. "இதால ஒங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்ல அக்கா. பின்னாலதான் தெரியும்" என்று முடித்தாள்.

ராசம்மா நீளமாக மூச்சுவிட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மாதிரிகளின் பட்டியலைச் சரிபார்க்கும்போது, ராசம்மாவின் இரத்தம் இருந்தது, கட்டி இல்லை. ஒப்பரேஷன் பதிவில் 'வரவில்லை' என்றிருந்தது. போன் எடுபடவில்லை. மறுநாள் காலை நளீரா பஸ் ஏறினாள். பசறை தாண்டிய பிறகு பாதை குண்டும் குழியுமாகக் கிடந்தது. பகல் கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையோடு நின்ற ராசம்மா அவளைக் கண்டதும் சந்தோஷமாக முன்னால் வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா மிஸ்?"

ஒப்பரேஷனுக்கு ஏன் வரவில்லை என்று நளீரா கேட்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க, இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, பின்னாலதான் தெரியும்னு. தெரிஞ்சா கூப்புடுவீங்கன்னு இருந்தேன்."

நளீராவுக்கு, ஒப்பரேஷன் தேதியை வேறு ஆட்கள்தானே சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை நாக்குவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"நான் சொன்னது பிழை அக்கா. ஒங்களுக்குப் புற்றுநோய் வருத்தம் இருக்கு. அந்த ரெத்தம் எடுத்தது மருந்துக்கில்ல. அதப் பாத்து ஒங்கள யாரும் கூப்புட மாட்டாங்க. நாளைக்கே வாங்க."

ராசம்மா தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றாள். "அப்ப இந்த ரெண்டு மாசம்?" என்று கேட்டாள்.

மதுஷாதான் தாயைக் கூட்டிவந்தாள். அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. முதலில் மருந்தேற்றிச் சுருக்கி, பிறகுதான் அறுக்கலாம் என்றார்கள். நளீரா ஆராய்ச்சி டொக்டரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர், என்ன விளங்கியது என்று ஒரு பெண்ணிடமாவது திருப்பிக் கேட்கத் தனக்கும் தோன்றவில்லையே என்றார். நடந்ததை மேலிடத்துக்கு எழுதி, ஆராய்ச்சிக்குப் புதிதாகப் பெண்களைச் சேர்ப்பதை நிறுத்திவைத்தார். அந்த இரண்டு மாதம் பிந்தியதால்தான் அக்குளுக்குப் போனதா என்று நளீரா கேட்டதற்கு, முன்பே போயிருக்கவும் கூடும், யாராலும் சொல்ல முடியாது என்றார். அது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை.

இரத்தம் கொடுத்த இருபத்தேழு பெண்களோடும் நளீரா மறுபடி பேசினாள். உதாரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வெளங்கினத ஒருக்கா சொல்லுங்க என்று கேட்டாள். வெலிமடைப் பெண் ஒருத்தி, கெட்ட இரத்தத்தை வெளியே எடுத்துவிட்டதாகவே அதுவரை நம்பியிருந்தாள். நல்லவேளையாக அவள் ஒப்பரேஷனைத் தவறவிட்டிருக்கவில்லை.

ராசம்மாவுக்கு ஐந்து மாதம் கழித்து ஒப்பரேஷன் நடந்தது. வைத்தியம் இன்னும் முடியவில்லை. நளீராவைக் கண்டால் நின்று நாலு வார்த்தை பேசுவாள். மதுஷா பேசமாட்டாள். கிளினிக் நாட்களில் லீவு போட்டுவிட்டு அவளே வருகிறாள். கடையில் பழகிய சிங்களத்தில் வைத்தியம் பார்க்கும் டொக்டரிடம் கேட்டு, தாயின் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். சில இடங்களில் வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவாள். நளீரா கதவருகில் நின்றுகொண்டிருப்பாள். அவளை யாரும் கூப்பிடுவதில்லை.