‘ஃபுல்’ என்று வாசித்தவள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். தரம் மூன்றிலேயே அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. மருந்துப் போத்தலோ சீமெந்துப் பையோ, வாசிக்க வேண்டியது எதுவானாலும் என்னிடம்தான் வரும்.

பேசாலைக் கரையில் வலையும் சாமானும் வைக்கும் எங்கள் மீன்வாடிக்குள் பற்றரி சார்ஜர் ஒன்று ஆணியில் தொங்கும். படகின் ஜிபிஎஸ்ஸும் விளக்கும் அந்தப் பற்றரியில்தான் வேலை செய்யும். ஒரு சனிக்கிழமை விடிய, கடலுக்குப் போகுமுன் அப்பா என்னைக் கூப்பிட்டார். சித்தப்பாவும் நின்றார்.

“பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு? வாசி பாப்பம்.”

சார்ஜரில் இரண்டு குட்டி பல்புகள். ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி, “ஃபுல்” என்றேன்.

“புல்லோ? கழுதைக்குப் போடலாம்,” என்று சித்தப்பா சிரித்தார்.

“இல்லை சித்தப்பா, நிறைஞ்சிட்டுதெண்டு அர்த்தம்!”

அப்பா சார்ஜரை ஒருமுறை பார்த்தார். பற்றரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

பத்து மணிபோல, மறந்துவிட்ட செருப்பை எடுக்க வாடிக்குப் போனேன். சார்ஜரின் வயர் கழற்றிக் கிடந்தது. பற்றரி இல்லை, கரண்ட் இல்லை. ஆனாலும் ‘ஃபுல்’ என்றே எழுதியிருந்தது.

அது அச்சடித்த எழுத்து, எப்போதும் அங்கேதான் இருக்கும். காலையில் எரிந்தது அதன் பக்கத்துப் பச்சைப் பல்பு அல்ல. மேலே இருந்த சிவப்பு. அதனருகிலும் ஒரு சொல் இருந்தது. நீளமான சொல் என்பதால் வாசிக்காமல் விட்டிருந்தேன்.

பற்றரி செத்தால் ஜிபிஎஸ் நின்றுவிடும். அது நின்றால் கடல் எல்லை தெரியாது. முந்தின வருஷம் எல்லை தாண்டிப்போன எங்கள் தெரு ஆட்களை அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்து, மாதக்கணக்கில் மறியலில், சிறையில், வைத்திருந்தார்கள்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நான் வாசிக்கத் தெரியாதவள் ஆகிவிடுவேன்.

“ஏன் பிள்ளை, சோறு அப்பிடியே கிடக்கு?”

“வயித்துக்குத்து.”

அம்மா கரைத்துத் தந்த ஓமத்தண்ணியையும் குடித்தேன்.

மூன்று மணிக்கு வரவேண்டிய படகு நான்குக்கும் வரவில்லை. மற்றப் படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. நான் தண்ணீர் ஓரமாக நின்று மாதாவை மன்றாடினேன். ‘அருள் நிறைந்த’ என்று தொடங்கினால் ‘நிறைந்த’ என்ற சொல்லிலேயே நாக்குத் தடக்கியது.

பொழுது சாயும்போது வந்தார்கள். பாறையில் வலை சிக்கிவிட்டதாம். சித்தப்பா படகிலிருந்து பற்றரியை இறக்கினார். நீலக் கயிற்றில் பிடி கட்டியிருந்தது. அது அவருடைய பற்றரி.

“அப்பா, எங்கட பற்றரி எங்க?”

“சித்தப்பா வீட்டில சார்ஜில கிடக்கு. போற வழியில மாத்தினனாங்கள்.”

“கழுதைக்கு...” என்று சித்தப்பா தொடங்கினார். அப்பா பார்த்த பார்வையில் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தப்பிவிட்டேன் என்று மட்டுமே நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும், வாடியில் நாலு பேர் நிற்க, “பிள்ளை, வந்து வாசி” என்று அப்பா கூப்பிட்டார். பச்சை எரிகிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி “ஃபுல்!” என்று கத்தினேன்.

நான் பிறக்குமுன்பே பற்றரிக்குச் சார்ஜ் போட்டுவந்த மனிதர் அவர். பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய அவருக்கு என் ஆங்கிலம் எதற்கு? அந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவேயில்லை.