கட்டிலுக்கடியில் முளைத்த நெல்

கொழும்பு மருதானையில் மழைக்கு ஒதுங்கிய கடையில் நனைந்த நெல் சாக்கு ஒன்று முளைவிட்டுப் புளித்து மணத்தது. நிற்க முடியாமல் மழையிலேயே இறங்கி நடந்தேன், மனம் அதற்கு முன்பே கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த, ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளுக்குப் போய்விட்டது. அவற்றை இடித்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. விளையாட்டுச் சாமான் வாங்க வழியில்லாத வீடுகள் அவை. டிசம்பர் பிறந்தால், கிறிஸ்துமஸுக்குக் கட்டும் நத்தார் குடிலில் புல்தரையாக வைப்பதற்குப் பிள்ளைகள் எல்லோரும் பால்மா டின்களில் நெல் விதைப்போம். ஒடுங்கிய சந்தில் வெயில் ஒரு வாசலில் தங்காது. டின்களைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே வாசல் வாசலாக ஓடுவோம். தங்கச்சி மட்டும், ஆடு தின்றுவிடும் என்ற பயத்தில், தன் டின்னைக் கட்டிலுக்கடியில் ஒளித்துத் தண்ணீர் ஊற்றினாள். குடில் கட்டும் நாளில் அவளுடைய நெற்பயிர் எல்லாவற்றிலும் உயரமாக, ஆனால் வெளிறிய மஞ்சளாக வெளியே வந்தது.

"உன்ட புல்லுக்கு மஞ்சக்காமாலை, தங்கச்சி!" குடில் கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணன் சிரித்தார்.

அவள் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அப்ப இத வைக்க மாட்டீங்களா, அண்ணா?"

"ஏன் வைக்க மாட்டன்? பச்சைப் புல்லு ஆடுமாடுகளுக்கு. பாலன் படுக்க வைக்கோல் வேணும்தானே?"

அவர் அதை அறுத்துக் குடிலின் சின்னத் தொட்டிலில் பரப்பினார். பாலனைக் கிடத்துமுன் தங்கச்சி கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"குத்தாது" என்றாள்.