அடையாற்றுப் புல்வெளியில் புளியாரை

பிள்ளைகளே, அடையாற்றில் ஒரு பூங்காவில் நிற்கிறேன். அம்மா துவையலுக்குக் கேட்ட புளியாரை போலவே ஒரு களை, மூன்று மூன்று இலையாகப் புல்லுக்குள் படர்ந்திருக்கிறது. கிளாவர் என்ற களையும் இப்படித்தான் இருக்கும். ஆனால் அதன் இலை முட்டை வடிவம், நடுவே வெள்ளைக் கோடு. இதுவோ சீட்டுக்கட்டில் வரும் 'ஆட்டின்' போல இதய வடிவம், மஞ்சள் பூ. புளியாரையேதான். ஒரு பிடி பறித்த பிறகு பார்த்தால், இலை ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. மனசு கேட்கவில்லை.

தோட்டக்காரரிடம் கேட்கிறேன். "களைக்கொல்லி அடிச்சீங்களாண்ணே?"

"இன்னா சார், வெயில்ல காஞ்சிக்கீது. நல்ல கீரை, பறிச்சிக்கோ."

"நீங்க வீட்டுக்குக் கொண்டுபோவீங்களா?"

"ஐயோ, எங்கூட்ல கொயந்தைங்க கீது சார்!"

கீரையைப் போட்டுவிட்டுக் குழாயைத் தேடுகிறேன், கை கழுவ.