கூட்டிலிருந்து வந்தது வண்ணத்துப்பூச்சி அல்ல

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், மதுரையில் வைகையின் வடகரையில் இருந்த ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். டிரெயினிங் முடித்த கையோடு கிடைத்த வேலை. அடுத்து வரும் இன்ஸ்பெக்‌ஷனில் தேறினால்தான் வேலை நிரந்தரம். எனக்குத் துளிகூடப் பயமில்லை. பாடம் நடத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அப்போது நிறையவே இருந்தது.

பள்ளி அலமாரியில் சீமையிலிருந்து வந்த படப்புத்தகம் ஒன்று கிடந்தது. ஒரு வண்ணத்துப்பூச்சியின் கதை. இலைமேல் முட்டை, அப்புறம் புழு, அப்புறம் கூடு, கடைசிப் பக்கம் முழுக்க விரிந்த இறக்கை. இங்கிலீஷ் வரிகளின்மேல் தாள் ஒட்டித் தமிழில் எழுதினேன். புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பது, கூடவே நிஜப் புழு ஒன்றை வகுப்பிலேயே வளர்ப்பது என்று திட்டம். "வகுப்புக்குள்ள புழுவா?" என்று தலைமையாசிரியை முகம் சுளித்தார். "இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குப் பாருங்கம்மா, எல்லாரும் அசந்து போவாங்க" என்று அடித்துச் சொன்னேன்.

புழு கொண்டுவந்தவள், போர்டிங்கில் தங்கிப் படித்த பரவை கிராமத்துச் சிறுமி ஒருத்தி. லீவுக்குப் போனவள், வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலிருந்து கொழுத்த பச்சைப் புழு ஒன்றை இலையோடு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். கண்ணாடி ஜாடியில் விட்டு, வாயை மெல்லிய மல்துணியால் கட்டினோம். தினமும் யார் இலை போடுவது என்று வகுப்பில் ஒரே சண்டை. நான்காம் நாள் அது குச்சியில் தன்னைக் கட்டிக்கொண்டு கூடாயிற்று. புத்தகத்தில் இருந்த அதே படம்! பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பரவைச் சிறுமி என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், கூடு கறுத்துப்போச்சு. எங்க செடில இருக்குற கூட்டைத் தொட்டா லேசா ஆடும். இது ஆட மாட்டேங்குது. உள்ள செத்துருச்சு போல."

"புஸ்தகத்துல போட்டிருக்கறதைவிட உனக்கு அதிகமாத் தெரியுமோ? போய் உக்காரு" என்றேன். அதோடு விடாமல் அவளைக் கடைசிப் பெஞ்சுக்கும் மாற்றினேன்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை முதல் ஆளாக வகுப்புக்குப் போனேன். கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியதுபோல ஒரு சின்ன ஓட்டை. ஜாடிக்குள் கொசுவைவிடச் சிறியதாக, கறுப்பாக, இருபது முப்பது பூச்சிகள் துணியில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஜாடியை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் வந்ததும், "யார் கேட்டாலும் வண்ணத்துப்பூச்சி வந்துச்சு, ஜன்னல் வழியாப் பறந்துபோச்சுன்னு சொல்லணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அம்மாள் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். "இதையெல்லாம் நெசமாவே பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தோம்!" என்று வகுப்பே கத்தியது.

அந்த அம்மாள் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். பரவைச் சிறுமியை எழுப்பி, "றெக்கை என்ன நிறம்மா?" என்றார்.

அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பழிவாங்கலும் இல்லை. நிஜமாகவே எனக்காகத் தவித்துக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், நான் என்ன சொல்லட்டும்?"

நான் அலமாரியைத் திறந்து ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "வண்ணத்துப்பூச்சி வரலைம்மா. இதுதான் வந்துச்சு. பொய் சொல்லச் சொன்னது நான்தான்" என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது.

அந்த அம்மாள் ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு சிறுமியிடம், "இது எப்படி உள்ள வந்துச்சுன்னு நினைக்கிற?" என்றார்.

"எங்க செடில புழு மேல இந்தப் பூச்சி வந்து உக்காரும்மா. இலை போடத் துணியை அவுக்கறப்ப நுழைஞ்சு முட்டை வச்சிருக்கும். அதுங்க குஞ்சுக உள்ள இருந்தே தின்னுருக்கும்."

"அம்புட்டு முட்டையா?" என்று முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி வாயைப் பிளந்தாள். அவ்வளவுதான், வகுப்பே மேஜையைச் சுற்றிக்கொண்டது. மணி அடித்தும் ஒருத்தியும் நகரவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் அம்மாளும் நகரவில்லை.

சிறுமி சொன்னது அத்தனையும் சரி என்று பிறகு ஒரு காலேஜ் வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். ரிப்போர்ட்டில் பாடத்தைப் பாராட்டி ஒரு வரி, என்னைக் கண்டித்து ஒரு வரி. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. மறுநாளே அந்தச் சிறுமியிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, அவளை முன்பெஞ்சுக்கு அழைத்து வந்தேன். "பரவால்ல டீச்சர்" என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் படப்புத்தகத்தோடும் ஜாடியோடும்தான் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் முன்னால் நின்று, "எனக்குத் தெரியலை, வாங்க, பாத்துத் தெரிஞ்சுக்குவோம்" என்று கூசாமல் சொல்லும் தைரியம் எனக்கு டிரெயினிங்கில் வரவில்லை, அன்று அந்த வகுப்பில் தலைகுனிந்து நின்றபோதுதான் வந்தது.