கதவைத் தட்டும் பூட்டுக்காரர்

தன் வீட்டுச் சமையலறைக் கதவை விரலை மடக்கித் தட்டுகிறார். உள்ளிருந்து பதில் வந்தால்தான் காலை வைப்பார். ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் ஒரு கம்பியால் திறந்துவிடும் பூட்டுக்காரர் இவர்.

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ நீதிமன்றம் உத்தரவு கொடுத்துவிட்டது. வாழ இருப்பது ஒரே வீடு. முன்னறை இவருக்கு, உள்ளறை மனைவிக்கு. துவைத்த சட்டையைப் பொதுக் கொடியில் போடாமல் நாற்காலி முதுகில் விரிக்கிறார். "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க, நர்ஸம்மா?"

"சட்டை காயுதுன்னு நினைப்பாங்க" என்றேன். அவர் காது சிவந்துவிட்டது.

உள்ளறையில் பக்கவாதத்தில் கிடப்பவர் அவருடைய மாமியார். நான் போவது அவரைக் கவனிக்க. பிரிந்த விஷயம் அவருக்குத் தெரியக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

படுக்கைப் புண் வராதிருக்க அவரை அடிக்கடி புரட்ட வேண்டும். இருவர் இரு பக்கமும் விரிப்பைப் பிடித்து, எண்ணிக்கை சொல்லி, ஒன்றாக இழுக்க வேண்டும். என் தோளுக்கு இனி அந்தத் தெம்பில்லை, அவர்கள்தான் பிடிக்கிறார்கள். நேற்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் முந்தினார், அவள் பிந்தினாள். கிழவியின் தலை கட்டில் கம்பியில் இடித்தது.

"ரெண்டு பேர் வாய்லயும் பூட்டா? மாப்பிள்ளை, உங்க தொழிலாச்சே, திறக்கக் கூடாதா?" கோணிய வாயால் சிரித்தார் கிழவி. "அது கிடக்கட்டும். சொந்த வீட்டுல எதுக்குக் கதவைத் தட்டிட்டு வர்றீங்க?"

"தொழில் பழக்கம், அத்தை."

மகள் ஏற்கெனவே சரியாக இருந்த தலையணையைச் சரிசெய்தாள். இவர் திருடி அகப்பட்டவர் போலத் தரையைப் பார்த்தார். வெளியே வந்ததும், "அவங்களுக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எதிர்ல நிப்பேன்?" என்றார்.

"மூஞ்சி கிடக்கட்டும். நாளைக்கு வாய்விட்டு எண்ணுங்க. அவங்க தலை வீங்கியிருக்கு."

"சரிங்க. கதவையும் இனிமே தட்ட மாட்டேன்."

இன்று புரட்டும் நேரம் வந்தது. தட்டும் சத்தமும் இல்லை, ஆளும் இல்லை. கூப்பிடலாம் என்று உள்ளறைக் கதவைத் திறந்தேன். தேய்த்த விரிப்பைத் தோளில் போட்டபடி வெளியே நின்றிருந்தார் பூட்டுக்காரர். மடக்கிய விரல் கதவு இருந்த இடத்துக்கு நேராக, எதையும் தொடாமல், அப்படியே நின்றது.