ஈப்போவில் வாங்கிய முதுகுப்பை

சனிக்கிழமை முற்பகல் மலேசியாவின் ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்கியதுமே என் கேமராப் பையின் தோள்வார் தையலோடு பிய்ந்து வந்தது. முழங்காலை முட்டுக்கொடுத்துப் பையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இரண்டு கேமராக்கள், மூன்று லென்சுகள். மறுநாள் காலை, எண்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, சுங்காயில் ஒரு தோட்டத்துக் கோயிலில் திருமணம். அங்கே படமெடுக்கப்போகும் இருவரில் நான் ஒருத்தி.

இன்னொருத்தி செல்வி. வார நாட்களில் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. வார இறுதிகளில் கல்யாணப் படங்கள். திருச்சியில் வங்கியில் வேலை பார்க்கும் எனக்கு இணையத்தில் பழக்கமானவள். அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டோம். வந்ததும் நலம் விசாரிக்காமல் என் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

“இத ஒத்தத் தோள்லயா தூக்கிட்டு வந்தீங்க? நாளைக்குப் பொழுது பூரா நிக்கணும்க்கா. முதல்ல நல்ல பேக் வாங்குவோம், அப்புறம் சாப்பிடப் போலாம்.”

ஈப்போவில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அதன் கடைசியில் ஒரு சுண்ணாம்புக்கல் குன்று தெரிகிறது. பழைய நகரத்தில், காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்த தெருவில் கேமராக் கடை இருந்தது. எனக்குப் பார்த்ததும் பிடித்தது பெரிய பழுப்புநிற கான்வாஸ் பை. தோல் வார்கள், பித்தளை வளையங்கள். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.

“காலியா மாட்டுனா எல்லா பேக்கும் நல்லாத்தான் இருக்கும் லா. சாமான வச்சுப் பாருங்க” என்றாள் செல்வி. அந்த ‘லா’ இங்கே எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் அசை.

என் கேமராக்களையும் லென்சுகளையும் அவளே உள்ளே அடுக்கினாள். வெளியே நடந்து பார்க்கலாமா என்று கடைக்காரரான சீனப் பெரியவரிடம் மலாயில் கேட்டாள். “போலே, போலே” என்று தாராளமாகச் சம்மதித்தார். தெருமுனைவரை போய்த் திரும்புவதற்குள் பழுப்புப் பை என்னைப் பின்னால் இழுத்தது. இடுப்பில் நிற்க வேண்டிய பட்டை தொடைக்கு இறங்கியது. என் முதுகின் உயரத்துக்கு அது பொருந்தவில்லை.

அடுத்து மாட்டியது, அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத சாம்பல்நிறப் பை. இடுப்புப் பட்டையைப் பூட்டியதும் கனம் தோளிலிருந்து இடுப்புக்கு மாறியது. அதன் வாய் முதுகோடு ஒட்டும் பக்கத்தில் இருந்தது.

“கூட்டத்துல பின்னாலருந்து யாரும் தொறக்க முடியாது. சகதியில வச்சாலும் முதுகு படுற பக்கம் சுத்தமா இருக்கும்.”

ஆனால் என் நீள லென்ஸ் அதில் அடங்கவில்லை. அது இல்லாமல் எப்படி என்று தயங்கினேன்.

“அது சின்னக் கோயில்க்கா. பொண்ணு கை நீட்டுற தூரத்துலதான் இருப்பா.”

முன்னூற்று இருபது வெள்ளி கொடுத்து அதையே வாங்கினேன். இங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்கிறார்கள். நீள லென்ஸ், அன்றிரவு நாங்கள் படுத்த செல்வியின் சுங்காய் வீட்டு அலமாரியிலேயே தங்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே நல்ல மழை. முன்பு பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நின்ற அந்தத் தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நல்ல காரியம் என்றால் இந்தக் கோயிலுக்கு வருகிறார்கள். மணப்பெண் கவிதா பத்து காஜா என்ற ஊரின் மருத்துவமனையில் தாதியாக, நம் பேச்சில் நர்ஸாக, வேலை பார்ப்பவள். அவள் காரிலேயே நாங்களும் போனோம். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், ஓட்டிவந்த அவள் மாமா மணி வண்டியை நிறுத்தினார். பாதையின் பள்ளத்தில் செந்நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“போகுமா அண்ணே?” என்றாள் செல்வி.

“சுசா லா, கஷ்டம். உள்ள விட்டா இஞ்சின் போயிரும்.”

மழை விடும்வரை காத்திருந்தால் முகூர்த்தம் தவறிவிடும். மணி அண்ணன் இறங்கி நடந்து ஆழம் பார்த்தார். கெண்டைக்காலுக்குச் சற்று மேலே. கவிதா யாரையும் கேட்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “நடந்துருவோம்” என்றாள்.

பையின் அடியில் மடித்திருந்த மழையுறையை இழுத்து மூடி, இடுப்புப் பட்டையைப் பூட்டினேன். ஒரு கையில் குடை, மறுகையில் அவள் கை. நடுவில் அவள் கால் வழுக்கியது. முழுப் பாரமும் என் கைமேல் விழுந்தது. பழைய பையாக இருந்திருந்தால் அது முன்னால் ஆடிவந்து இருவரையும் சாய்த்திருக்கும். இது முதுகோடு ஒட்டி நின்றது. குடையைத் தண்ணீரில் விட்டுவிட்டு இரு கைகளாலும் அவளைப் பிடித்துவிட்டேன்.

“நீங்க விட்டிருந்தா நான் மணவறைக்குப் போகாம வார்டுக்குத்தான் போயிருப்பேன்” என்று சிரித்தாள் கவிதா.

எங்களுக்கு முன்னால் செல்வி, கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பிடித்தபடி, பின்புறமாகவே நடந்து படமெடுத்துக்கொண்டிருந்தாள். குடையில்லை, கால் வைக்கும் இடத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கரையில் மாப்பிள்ளை, உறவினர் கூப்பிடக் கூப்பிட மணவறையிலிருந்து எழுந்து, பட்டு வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கிவந்தார்.

முகூர்த்தம் தவறவில்லை.

திங்கட்கிழமை மாலை சுங்காய் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது செல்வி படங்களைக் காட்டினாள். தண்ணீர்ப் படத்தில் நடுவில் நான், தலைமுடி முகத்தில் ஒட்ட, வாயைப் பிளந்தபடி. என்னை நீக்கிவிடச் சொன்னேன்.

“கவிதா இதத்தான் ஆல்பத்துல முதப் பக்கமா கேட்டிருக்கா. உங்கள வெட்டக்கூடாதாம்.”

எங்கள் ஊராக இருந்தால் புடவை காய்ந்தபின் வாசலில் நிற்கவைத்து, குனிந்த தலையோடு ஒரு படம் எடுத்து, அதை முதல் பக்கமாக வைத்திருப்போம். நானே அப்படி எத்தனையோ முறை செய்திருக்கிறேன். இந்தப் படத்தில் கவிதாவின் கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது. புடவையெல்லாம் செம்மண். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரயில் வருவதற்குள், எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.