வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஆம்ப்

நடீன் குரௌடரின் கிதார் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதைப் பதினோரு வருடமாக ராய்ஸ் ஹார்கெட்தான் முடிவு செய்து வந்தான். இதில் சதி எதுவும் கிடையாது. அவனிடம் கிதார் ஒலியைப் பெருக்கும் ஒரு பழைய வால்வு ஆம்ப், உள்ளே கண்ணாடிக் குழல்கள் கனலும் ரகம், இருந்தது. அதில் இரண்டு பேர் கிதாரைச் செருகலாம், ஆளுக்கு ஒரு வால்யூம் குமிழ். முன்னாள் படைவீரர் மன்றத்தில் சனிக்கிழமை நடனத்துக்கு வாசிக்கும் அந்த நாலு பேர் குழுவுக்கு வேறு ஆம்ப் இல்லை. அது ராய்ஸின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். நடீன் தனியாக வாசிக்கும் எட்டு வரி வந்தால், மூன்றாவது வரிக்குள் அவன் வலது கை பின்பக்கம் போகும். அவளுடைய குமிழ் கால் சுற்று இறங்கும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

"ஏன்யா குறைச்சே?" என்று கேட்டால், "ஜனங்க ஆட வந்திருக்காங்க நடீன், ஒன் வித்தையைப் பாக்கவா வந்திருக்காங்க?" என்பான்.

நடீனுக்கு ஐம்பத்து மூன்று வயது. டென்னசியில் அந்தச் சின்ன ஆற்றங்கரை ஊரின் பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். விவாகரத்துக்குப் பிறகு வீட்டில் மிஞ்சியவை ஒரு நாய், ஒரு கிதார், ஒரு படகு மோட்டார். படகைக் கணவன் இழுத்துக்கொண்டு போய்விட்டான். மோட்டார் இவள் கொட்டகையில் தங்கிவிட்டது. ஆறு வருடம் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்த வசந்த காலத்தில் அவனே வந்து அறுநூறு டாலர் கொடுத்து மோட்டாரை எடுத்துப் போனான். அந்த அறுநூறையும் உறையில் போட்டு, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அதுதான் அவளுடைய சொந்த ஆம்புக்கான பணம். தப்பானதை வாங்கினால் இன்னொரு மோட்டார் கிடையாது. மறுபடியும் ராய்ஸின் முதுகுக்குப் பின்னால்தான்.

புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்றால், கடையில் அதையும் போட்டுப் பார்த்தாள். அந்த விலைக்குக் கிடைத்ததெல்லாம் வால்வு இல்லாதவை. எப்படி மீட்டினாலும் ஒரே குரல், தகரக் கூரையில் மழை பெய்வது போல. வால்வு ஆம்ப் அப்படியில்லை. மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், ஓங்கி அடித்தால் தொண்டை கரகரக்கும். அது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் குணம் அது. பள்ளியில் அடுப்பு ரிப்பேருக்கு வருகிறவர்கள் அவளைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள். மூன்று மாதம் நூலகக் கணினியில் உட்கார்ந்து படித்ததையெல்லாம் பழைய மதிய உணவுப் பட்டியல்களின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒரு பக்கம் 'செவ்வாய்: மீன் துண்டு, சோளம்'. மறுபக்கம் 'கண்டென்சர் காய்ந்தால் இரைச்சல் வரும்'.

பள்ளி அரை நாளோடு முடிந்த ஒரு வியாழக்கிழமை, நடீனும் ராய்ஸும் தர்மன் காஸ் என்பவரின் வீட்டுக் கார் கொட்டகைக்குப் போனார்கள். தொலைபேசிக் கம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தர்மன், இறந்தவர் வீட்டு ஏலங்களில் பழைய மின்சாமான்களை வாங்கி விற்பவர். ராய்ஸ் கூட வந்ததற்குக் காரணம் அவனிடம் டிரக் இருந்தது. அதோடு, தான் இல்லாமல் அவளால் ஆம்ப் வாங்க முடியாது என்றும் நம்பினான்.

நடீன் இறங்கும்போது கையில் ஒரு கூடை.

"என்ன அது?"

"சீஸ் சாண்ட்விச். டீயும் இருக்கு."

"ஆம்ப் வாங்க வந்தமா, பிக்னிக் வந்தமா?"

"நேரமாகும்" என்றாள் நடீன்.

மேசைமேல் இரண்டு ஆம்ப் இருந்தன. முதலாவதைப் பார்த்ததும் ராய்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டான். நாற்பது வருடத்துக்கு முந்தைய சரக்கு. பழுப்பு ரெக்சினில் ஒரு கீறல் இல்லை, துணியில் ஒரு ஓட்டை இல்லை, பிளக்கில் இன்னும் அந்தக் காலத்து இரண்டே பின்.

"அறுபத்து நாலுலேருந்து ஒரு ஸ்க்ரூகூடக் கழட்டலைங்க" என்றார் தர்மன். "இது இருந்த வீட்டம்மா பையனுக்கு வாங்கிக் குடுத்திருக்காங்க, பையன் பந்தாட்டத்துக்குப் போயிட்டான். அறுநூத்தம்பது சொல்றேன். ஒங்களுக்குன்னா அறுநூறு."

பக்கத்தில் இருந்ததைப் பார்த்து ராய்ஸ் சிரித்தான். யாரோ அதற்கு வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டை அடித்திருந்தார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை. கைப்பிடியிலும் பெயிண்ட், திருகாணிகளிலும் பெயிண்ட். மேல்பக்கத்தில் வட்டமாக ஒரு தண்ணீர்த் தழும்பு.

"இது என்னய்யா, ஆம்பா, ஐஸ்பெட்டியா?"

"எரநூத்தெழுபத்தஞ்சுக்குக் குடுத்துருவேன்" என்றார் தர்மன், கொஞ்சம் வெட்கத்தோடு. "ஸ்பீக்கர் மாத்தியிருக்கு, டிரான்ஸ்ஃபார்மர் மாத்தியிருக்கு, வயரும் மூணு பின்னு. பழசு சேகரிக்கிறவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க."

நடீன் முதலில் பழுப்பில்தான் கிதாரைச் செருகினாள். ஒரே ஒரு ஸ்வரக்கட்டு. அவள் கழுத்துப் பிடரியில் மயிர் சிலிர்த்தது. இத்தனை வருடம் தன் விரல்களில் இருந்தது இதுதான், ராய்ஸின் குமிழைத் தாண்டி வெளியே வராமல் கிடந்தது இதுதான் என்று பட்டது. எட்டு வரியையும் வாசித்தாள். யாரும் குறைக்கவில்லை. உறை சட்டைப் பையில் இருந்தது, கை அங்கே போயும் விட்டது.

"எடு, எடு" என்றான் ராய்ஸ். "உள்ள எல்லாம் ஒரிஜினல். இதுமாதிரி இன்னொண்ணு ஒன் ஆயுசுக்கும் கெடைக்காது."

"நாலு மணிக்கு நாஷ்வில்லேருந்து ஒருத்தர் பாக்க வர்றதா சொல்லியிருக்காரு" என்றார் தர்மன். பொய் இல்லை, மனிதர் சொன்னதைச் சொன்னார்.

மணி மூன்று ஐந்து. ராய்ஸ் சொன்னதில் ஒரு சொல் மட்டும் அவளைக் குடைந்தது. எல்லாம் ஒரிஜினல். பள்ளிக்கூடத்தில் இரண்டு மாவு பிசையும் இயந்திரங்கள் உண்டு. ஒன்று அவள் பிறப்பதற்கு முன் வந்தது, தினமும் ஓடுவது, ஓடும் பாகங்கள் எல்லாம் எப்போதோ மாற்றப்பட்டவை. இன்னொன்று மாவட்ட அலுவலகம் கொடுத்தது. பிரிக்காமலே எட்டு வருடம் கிடங்கில் இருந்தது. பிரித்துப் போட்ட அன்று பத்து நிமிடம் அழகாகச் சுற்றிவிட்டுப் புகைந்தது.

"ஐயா, இத எவ்ளோ நேரம் போட்டுப் பாத்திருக்கீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும்மா. வர்றவங்க அதுக்கு மேல கேக்கறதில்ல."

"அப்போ இது ஓடட்டும். நாம சாப்பிடுவோம்."

"நாலு மணிக்கு ஆள் வர்றான்ங்கறாரு, இவ சாண்ட்விச்சப் பிரிக்கிறா" என்றான் ராய்ஸ் கூரையைப் பார்த்து.

சாப்பிட்டுக்கொண்டே அவள் வெள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதை ஏன் பெயிண்ட் அடிக்க வேண்டும்? அழகுக்காக என்றால் இவ்வளவு அசிங்கமாகவா? பின் பலகையைக் கழற்றிக்கொள்ள தர்மனிடம் அனுமதி கேட்டாள்.

உள்ளே தூசி இல்லை. பெட்டியின் உள்சுவரில் காகித டேப் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றிலும் பென்சிலில் தேதி. 1971 ஏப்ரல். 1972 மார்ச். 1975 மார்ச். அப்படியே 1999 வரைக்கும், ஒரே சாய்ந்த கையெழுத்து. 'பெரிய கண்டென்சர் மாற்றியது.' 'வால்வு இரண்டு.' 'எர்த் வயர் போட்டது. சகோதரி ஹேசலுக்கு மைக்கில் ஷாக்.'

"ஏப்ரல், மார்ச், மார்ச்" என்று முணுமுணுத்தாள். "எப்பப் பாரு இந்த ரெண்டு மாசந்தான். ஏன்?"

"வரி கட்டுற மாசம்" என்றான் ராய்ஸ்.

"ஈஸ்டருக்கு முந்தின வாரம்யா!" நடீனின் குரல் உயர்ந்தது. "சர்ச்சுல இருந்தது. செவுத்துக்கு வெள்ளையடிக்கறப்பல்லாம் மிச்சப் பெயிண்ட இதுக்கும் அடிச்சிருக்காங்க. செவுத்தோட செவுரா தெரியட்டும்னு. மேல இருக்கறது பூச்சாடித் தழும்பு."

தர்மன் அவளையே பார்த்தார். "மாவட்ட எல்லையில ஒரு பெந்தெகொஸ்தே சபை. புது சவுண்டு சிஸ்டம் வாங்கிட்டு இத வெளிய வச்சிருந்தாங்க. நான் ஒங்க கிட்ட சொல்லவே இல்லியேம்மா."

"பூச்சாடி வச்ச ஆம்ப வாங்கப் போறியா நடீன்? தண்ணி உள்ள போயிருக்கும்."

அதையும் பார்த்தாள். தழும்புக்கு நேர் கீழே, துரு இல்லை. சாடி ஒரே இடத்தில் இருந்திருக்கிறது என்றால் ஆம்பும் ஒரே இடத்தில் இருந்திருக்கிறது. எந்த டிரக்கின் பின்னாலும் உருளவில்லை. ஞாயிறும் புதனும் ஆராதனையில் ஓடி, ஈஸ்டருக்கு முன் ஒருவர் திறந்து பார்த்து, மறுபடியும் ஓடியிருக்கிறது. யார் அந்த ஆள்? பெயர் எங்கேயும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு வாடை அடித்தது. சூடான தூசியின் வாடை இல்லை, அதைவிடக் காரமானது. பழுப்பு ஆம்பிலிருந்து மெல்லிய 'உம்ம்' ஒன்று கிளம்பியிருந்தது.

"ஐயா, ஷட்டரைக் கொஞ்சம் எறக்குங்க. லைட்டையும் அணைங்க."

இருட்டியதும் மூன்று பேரும் பின்பக்கமாகக் குனிந்து பார்த்தார்கள். பெரிய வால்வுகள் இரண்டில் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் சாதாரணமாகக் கனன்றது. மற்றதன் உள்தகடு இரும்புப் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய லாடம் போலச் சிவந்திருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்கச் சிவப்பு பரவியது.

தர்மன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு அடங்கும்வரை வயரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நாஷ்வில்காரருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார் அவர் கடைசியில். "விக்கறதுன்னா நெலமையச் சொல்லித்தான் விக்கணும்."

வெள்ளையைப் போட்டாள். ஒரு கரகரப்பு இருந்தது. பென்சிலால் சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்; மூன்றாவதைத் தட்டியபோது மட்டும் ஸ்பீக்கரில் மணியடித்தது, கோளாறு அதில்தான். தர்மன் தன் உதிரிப்பாக டப்பாவிலிருந்து வேறொரு வால்வை எடுத்துக் கொடுத்தார், கரகரப்பு நின்றது. பிறகு ஐம்பது நிமிடம் ஓடவிட்டாள். இரண்டாவது சாண்ட்விச்சை ராய்ஸே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மறுபடி ஷட்டரை இறக்கிப் பார்த்தபோது எதுவும் சிவக்கவில்லை. எட்டு வரியை வாசித்தாள். பழுப்பின் இனிமை இதில் இல்லை. இதன் குரல் கொஞ்சம் முரடு, மூக்கால் பாடும் கிழவியுடையது போல. ஆனால் ஓங்கி அடித்தபோது எதிர்த்துப் பேசியது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"பெயிண்ட சொரண்டிருவியா?" என்றான் ராய்ஸ், டிரக்கில் ஏற்றும்போது.

"எதுக்கு? அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

சனிக்கிழமை மன்றத்தில் கெளுத்தி மீன் பொரியலின் வாசனைக்கு நடுவே அவள் வெள்ளை ஆம்பை மேடையின் மறு ஓரத்தில், தன் பின்னால் வைத்தாள். டிரம்ஸ்காரர் எல்பர்ட் அதைப் பார்த்துவிட்டு, "பீர் உள்ளயா இருக்கு?" என்று கேட்டார். மூன்றாவது பாட்டில் அவளுடைய எட்டு வரி வந்தது. குமிழைத் தானே ஆறில் வைத்திருந்தாள். முதல் ஸ்வரத்துக்கே முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி திரும்பிப் பார்த்தது.

மூன்றாவது வரி. ராய்ஸின் வலது கை, பதினோரு வருடப் பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமலே பின்னால் போனது. அவளுடைய குமிழைக் கால் சுற்று இறக்கியது. சத்தம் குறையவில்லை. இன்னும் கால் சுற்று. குறையவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அடிவரைக்கும் திருகினான். அந்தக் குமிழுக்கு மேலே இருந்த துளையில் எந்த வயரும் இல்லை.

மேடையின் மறு ஓரத்தில் நடீன் ஆறாவது வரிக்கு வந்திருந்தாள். இன்னும் இரண்டு பாக்கி.